பதில்: மட்டக்களப்பு கல்லடி ஹோம்ஸ்டேயில் வெளிநாட்டவர் ஒரு இரவுக்கு மேல் தங்குவதில்லை

வணக்கம் தம்பி. வருகிற வெளிநாட்டு ஆட்கள் மறுநாளே அலைச்சறுக்குக்குப் பேர்போன அறுகம்பைக்குப் போய்விடுகிறார்கள், கடன் எடுத்து நீச்சல் குளம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கட்டாதீர்கள். குளம் அவர்களை நிறுத்தாது.

சமூகவியலாளர் எரிக் கோஹன் 1972இலேயே பயணிகளை நான்கு வகையாகப் பிரித்தார். ஏற்பாடு செய்த குழுவோடு வருபவர் ஒரு முனை, கால்போன போக்கில் அலைபவர் மறுமுனை. புதுமையை எவ்வளவு தேடுகிறார், பழகியதை எவ்வளவு விடமறுக்கிறார் என்பதுதான் அளவுகோல். உங்களிடம் வரும் முதுகுப்பை ஆட்கள் புதுமைப் பக்கம். ஆனாலும் கட்டிலும் குளியலறையும் சுத்தமாக, பழகின மாதிரி இருக்கவேண்டும். கதவுக்கு வெளியேதான் புதுசு தேவை.

அது உங்கள் வாசலிலேயே கிடக்கிறது. முழுநிலவு இரவில் வாவியில் தோணி விட்டு, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் இறக்கி மறுமுனையில் காதை வைக்கச் சொல்லுங்கள். மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பது ஊர்ப் பேச்சு, ஆனால் பாடும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். கேட்குமா என்று காத்திருப்பதே அவர்களுக்குப் பெரிய விஷயம். (லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.) விடிய மீன் வாங்கக் கூட்டிப்போய், இறாலை அவர்களையே உரிக்கவிட்டுக் கறி வையுங்கள். இதையெல்லாம் ரூம் புக் பண்ணும்போதே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள். வந்தபிறகு சொன்னால் அடுத்த இடத்துக்குக் காசு கட்டியிருப்பார்கள்.

கொழும்பிலிருந்து வரும் குடும்பங்களுக்கு ஏசியும் பாசிக்குடாவின் ஆழமில்லாத கடலும் போதும். பிடித்துவிட்டால் அடுத்த வருஷமும் வருவார்கள். புதுமை தேடுகிறவர் திரும்பி வருவது அரிது, அதனால் அவர் கிளம்பும்முன் ஒரு ரிவியூ கேட்டு வாங்குங்கள்.