ரேமண்ட் பர்: எந்த வாழ்க்கையை எழுதுவது?

கேள்வி: அன்புள்ள ஐயா, எங்கள் சிற்றிதழில் பழைய அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர்களைப் பற்றித் தொடர் எழுதுகிறேன். அடுத்த இதழுக்கு, ‘பெர்ரி மேசன்’ என்ற தொடரில் அதே பெயருள்ள வக்கீலாக நடித்த ரேமண்ட் பர். நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். குறிப்பெடுக்க உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. ஒரு கட்டுரையில் மூன்று திருமணம், அதில் இரண்டு மனைவியர் இறந்துபோனார்கள், பத்து வயது மகன் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டான் என்று இருக்கிறது. இன்னொன்றில் அப்படி ஒரு மகனே கிடையாது என்கிறார்கள். மகன் கதை மனதைப் பிசைகிறது, விட மனம் வரவில்லை. எதை எழுத, எதை விட? அவர் நடிப்பைப் பற்றிப் பேச எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும்?
– ஒரு வாசகர்

பதில்: அன்புத் தம்பிக்கு,

மகன் கதையை விட வேண்டாம். ஆனால் நடந்தது என்று எழுதாதீர்கள். ‘பர் இப்படிச் சொல்லி வந்தார்’ என்று எழுதுங்கள். உங்கள் கட்டுரை முழுதும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

எழுதும் முன் ஒரு தாளை நெடுக்கில் மடித்து, இடப் பக்கம் பதிவு உள்ள செய்திகளையும் வலப் பக்கம் அவர் வாயால் மட்டும் வந்த செய்திகளையும் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். பிறப்பு 1917 மே 21, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் நியூ வெஸ்ட்மின்ஸ்டர்: இடப் பக்கம். தந்தை இரும்புச் சாமான் விற்பனையாளர், தாய் பியானோ கலைஞர்; பெற்றோர் பிரிந்தபின் தாயுடன் கலிஃபோர்னியாவின் வல்லேஹோவில் வளர்ந்தார்: இதுவும் இடப் பக்கம். கனடாவில் பிறந்தவரை வெறுமனே ‘அமெரிக்க நடிகர்’ என்று எழுதினால் யாராவது கடிதம் போடுவார்கள். ‘கனடாவில் பிறந்த’ என்ற இரண்டு சொல்லையும் சேர்த்துவிடுங்கள்.

திருமணங்களில் இடப் பக்கம் வருவது ஒன்றுதான். 1948 ஜனவரியில் நடிகை இசபெல்லா வார்டை மணந்தார். சில மாதங்களிலேயே பிரிந்தார்கள், 1952-இல் மணமுறிவு. மற்ற இரண்டும் வலப் பக்கம். முதல் மனைவி அனெட் சதர்லண்ட் என்ற நடிகை என்றும், 1943 ஜூன் 1 அன்று லிஸ்பனிலிருந்து இங்கிலாந்து நோக்கிப் பறந்து ஜெர்மானியரால் சுடப்பட்ட விமானத்தில் இறந்தார் என்றும் சொன்னார். அது நடிகர் லெஸ்லி ஹோவர்ட் இறந்த அதே விமானம். அதில் போன 17 பேரும் யார் யார் என்பது பதிவில் இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் அதில் இல்லை. இன்னொரு மனைவி 1955-இல் புற்றுநோயில் இறந்தார் என்பதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்து ஜப்பானின் ஓக்கினாவா தீவில் குண்டடி பட்டதாகச் சொன்னதும் இதே ரகம்.

இனி மகன். பெயர் மைக்கேல், 1953-இல் பத்து வயதில் இறந்தான் என்பது பர் சொன்ன கணக்கு. மகன் பிழைக்க மாட்டான் என்று தெரிந்ததும் ஓராண்டு வேலையை விட்டுவிட்டு அவனை அழைத்துக்கொண்டு அமெரிக்கா முழுக்கச் சுற்றிக் காட்டினாராம். 1991-இல்கூட ஒரு பேட்டியில் இதைச் சொன்னார். இதைச் சரிபார்க்க அவர் நடித்த படங்களின் பட்டியலே போதும். அந்தப் பயணம் நடந்ததாகச் சொல்லப்படும் 1952-ஐப் பாருங்கள். ‘மாரா மாரு’, ‘ஹொரைஸன்ஸ் வெஸ்ட்’ இரண்டும் அந்த ஆண்டு வெளிவந்தவை. அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே ‘த ப்ளூ கார்டினியா’ வந்துவிட்டது. ஓராண்டு ஊர் சுற்றிய மனிதனின் பட்டியல் இப்படி இருக்காது. அந்த ஆண்டு முழுக்க அவர் ஹாலிவுட்டில் வேலையில்தான் இருந்தார் என்பதை அவருடைய மக்கள் தொடர்பாளரே அவர் மறைவுக்குப் பின் சொல்லிவிட்டார். எந்த நடிகரானாலும் இந்த ஒப்பீட்டை முதலில் செய்யுங்கள். ஆனால் ஒரு படம் வெளியான ஆண்டும் படப்பிடிப்பு நடந்த ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு படத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாமல் முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று படங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

வாசகர் உடனே கேட்பார்: எதற்காக இத்தனை பொய்? பதில் சொல்லாமல் தாண்டினால் கட்டுரை அவரைக் கேவலப்படுத்தியதாகிவிடும். பர் தன்பாலீர்ப்பாளர். அன்று அமெரிக்காவில் அது வெளியே தெரிந்தால் வேலை போகும் என்பதோடு முடியாது, சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தை முதலில் கைவிட்ட மாநிலம் இல்லினாய்ஸ், 1962-இல்தான். கலிஃபோர்னியாவில் 1976 வரை நீடித்தது. ஸ்டுடியோ ஒப்பந்தங்களில் ஒழுக்க விதி என்று ஒன்று இருக்கும். அதைக் காட்டி ஒரே நாளில் வெளியேற்றலாம். நட்சத்திரங்களின் படுக்கையறையைத் துருவுவதையே தொழிலாக வைத்த பத்திரிகைகளும் 1950-களில் கொழித்தன. மனைவியை இழந்தவர், மகனைப் பறிகொடுத்தவர் என்று ஒருவர் சொன்னால் ‘ஏன் மறுமணம் செய்யவில்லை?’ என்று கேட்க யாருக்கும் வாய் வராது. அந்தக் கதைகள் அவருக்கு அரணாக இருந்தன. ராபர்ட் பெனவிடீஸ் என்ற நடிகரோடு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், தாம் சாகும்வரை, வாழ்ந்தார்; சொத்தையும் அவருக்கே எழுதிவைத்தார். இதை ஒரு பத்தியில் நேராக எழுதுங்கள். ‘ரகசியம்’, ‘அம்பலம்’ போன்ற சொற்கள் தலைப்பிலும் வேண்டாம், உள்ளேயும் வேண்டாம்.

வாழ்க்கைக்கு ஒரு பக்கம் போதும். மீதி மூன்றையும் நடிப்புக்குக் கொடுங்கள்.

நேரடியாக பெர்ரி மேசனில் தொடங்கினால் அவர் அருமை தெரியாது. 1946 முதல் பதினோரு ஆண்டுகளில் 50-க்கும் மேற்பட்ட படங்கள், பெரும்பாலும் வில்லன். கனத்த உடம்பும் பெரிய கண்களும் அடித்தொண்டைக் குரலும் அவரை அந்தப் பக்கம் தள்ளின. ‘பிட்ஃபால்’ (1948) பாருங்கள். பிறகு ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’ (1954). அதில் மனைவியைக் கொன்றவனாக வரும் பரை நாம் முற்றத்துக்கு எதிர்ப்பக்க வீட்டு ஜன்னலிலிருந்துதான் பார்க்கிறோம். ஏறக்குறைய படம் முழுக்க அவர் குரல் நமக்குத் தெளிவாகக் கேட்பதில்லை. முதுகையும் நடையையும் பெட்டியைத் தூக்கும் விதத்தையும் வைத்தே நடித்திருக்கிறார். முற்றத்தில் நாய் செத்துக் கிடக்கிறது, குடியிருப்பே ஜன்னலுக்கு ஓடி வருகிறது, ஒரு ஜன்னல் மட்டும் இருட்டாகவே இருக்கிறது. அந்த இருட்டுக்குள் ஒரு சிகரெட் நுனி மெல்லச் சிவந்து, மங்கி, மறுபடி சிவக்கிறது. முகம் தெரியாமலே ஒரு மனிதன் அங்கே உட்கார்ந்திருப்பதைக் காட்டிவிடும் இந்த இடத்தைக் கட்டாயம் எழுதுங்கள்.

‘எ பிளேஸ் இன் த சன்’ (1951) படத்தில் அரசு வழக்கறிஞராக வருகிறார். நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்து வைத்த படகில் ஏறி நின்று, கொலை எப்படி நடந்தது என்று காட்டத் துடுப்பை ஓங்கி அடிப்பார், துடுப்பு முறிந்துவிடும். ‘பெர்ரி மேசன்’ தொடரின் தயாரிப்பாளர் கெய்ல் பேட்ரிக் ஜாக்சன் மனதில் அவரைப் பதித்தது இந்த வேடம்தான். 1956-இல் அந்தத் தொடரின் நடிகர் தேர்வுக்கு பர் வந்தது மேசனின் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஹாமில்டன் பர்கர் வேடத்துக்கு. மேசனைப் படைத்த எழுத்தாளர் எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் பார்த்துவிட்டு இவரே மேசன் என்றார் என்பது வரலாறு. என்ன வார்த்தையில் சொன்னார், எத்தனை பவுண்டு எடை குறைக்கச் சொன்னார்கள் என்பதெல்லாம் ஆளுக்கொரு விதமாக வருகின்றன. மேற்கோள் குறி போட்டு வசனம் எழுதினால் அங்கேதான் சறுக்குவீர்கள். இன்னொன்று: தமிழில் ‘பர்’, ‘பர்கர்’ இரண்டும் அடுத்தடுத்து வந்தால் படிப்பவர் தடுக்கி விழுவார். எதிர்த்தரப்புக்காரரை ‘ஹாமில்டன்’ என்றே கடைசிவரை எழுதுங்கள்.

தொடர் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1957 செப்டம்பர் 21 முதல் 1966 மே 22 வரை, ஒன்பது பருவங்கள், 271 அத்தியாயங்கள். இந்த எண்ணை வெறுமனே சொன்னால் உறைக்காது, முதல் பருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 39 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேர நிகழ்ச்சி, ஏறக்குறைய ஆறு நாள் படப்பிடிப்பு. பெருக்கினால் 234 நாள். கிட்டத்தட்ட எல்லாக் காட்சியிலும் அவர் உண்டு, அதுவும் சட்டச் சொற்கள் நிறைந்த குறுக்கு விசாரணை. விடியுமுன் எழுந்து வசனம் மனப்பாடம் செய்வார். வார நாட்களில் ஸ்டுடியோவிலேயே தங்கிவிடுவார். 1959, 1961 இரண்டு ஆண்டும் தொலைக்காட்சிக்கான எம்மி விருது. அறுவை சிகிச்சைக்காக அவர் படுத்தபோது நான்கு அத்தியாயங்களுக்கு வேறு நடிகர்களை வக்கீலாக வரவழைத்தார்கள். அவர்களில் ஒருவர் நடிகை பெட்டி டேவிஸ்.

271-ஐயும் பார்க்க வேண்டாம். 1957-இன் முதல் அத்தியாயம். மேசன் தோற்றதாகத் தீர்ப்பு வரும் 1958, 1963 அத்தியாயங்கள் இரண்டு. கார்ட்னரே நீதிபதியாக உட்கார்ந்த கடைசி அத்தியாயம். இந்த நான்கும் போதும். ‘மேசன் தோற்றதே இல்லை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பார்க்கும்போது நேரத்தைக் கவனியுங்கள். விளம்பரம் நீங்கலாக ஐம்பது நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடவேண்டும். நாற்பத்தைந்து நிமிடம்தான் என்றால் மறு ஒளிபரப்புக்காக வெட்டிய பிரதி. வெட்டு விழுவது பெரும்பாலும் பேச்சில்லாத இடங்களில். சாட்சி தடுமாறும்போது பர் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார் இல்லையா, அவர் நடிப்பின் உயிரே அந்த மௌனத்தில்தான் இருக்கிறது.

அடுத்து நடித்த ‘அயர்ன்சைட்’ தொடர் (என்.பி.சி. தொலைக்காட்சி, 1967–1975) பற்றி ஒரு பத்தி. சக்கர நாற்காலியில் அமர்ந்த சான் ஃபிரான்சிஸ்கோ காவல் அதிகாரி. நடையை வைத்து நடித்துப் பழகிய மனிதருக்கு நடையைப் பறித்தால் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க இரண்டு அத்தியாயம் போதும். ஃபிஜியில் நைதாம்பா தீவை 1965-இல் வாங்கியதையும், ஆர்க்கிட் வளர்த்து ஒன்றுக்கு உடன் நடித்த பார்பரா ஹேலின் பெயர் சூட்டியதையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடலாம்.

கடைசியாக ஒரு தேதி. 1985 முதல் மேசனாகத் திரும்பி 26 தொலைக்காட்சிப் படங்கள் நடித்தார். கலிஃபோர்னியாவில் தம் பண்ணையில் 1993 செப்டம்பர் 12 அன்று காலமானார். இருபத்தாறாவது படம் ஒளிபரப்பானது அதே ஆண்டு நவம்பர் 29. மரணத்தைச் சொல்லி முடித்துவிட்டுப் பட்டியலில் நவம்பர் தேதி போட்டால் அச்சுப்பிழை என்று நினைத்து மெய்ப்புத் திருத்துபவர் மாற்றிவிடுவார். அவர் மறைந்து பதினொரு வாரம் கழித்து ஒளிபரப்பானது என்று வரியிலேயே எழுதிவிடுங்கள்.