மெத்தையை மாற்றுவதற்கு முன் உறையைக் கவனியுங்கள்

கேள்வி: காலையில் கண்விழித்ததும் அடுக்கடுக்காகத் தும்மல் வருகிறது, மூக்கு அடைத்துக்கொள்கிறது, கண்கள் அரிக்கின்றன. எழுந்து நடமாடத் தொடங்கிய ஒரு மணி நேரத்தில் எல்லாம் தணிந்துவிடுகிறது. என் எட்டு வயது மகளுக்கும் இப்போது இதே தொல்லை. பழைய பஞ்சு மெத்தையை எறிந்துவிட்டு, ‘அலர்ஜி தராதது’ என்று விற்கப்படும் ஃபோம் மெத்தை வாங்கலாமா? தலையணை, போர்வைகளையும் மாற்ற வேண்டுமா?

பதில்: மெத்தை வாங்கும் யோசனையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். படுக்கையில் அதிகம், எழுந்தபின் குறைவு என்ற இந்தப் போக்கைக் கேட்டதும் தூசிப்பூச்சி ஒவ்வாமையைத்தான் முதலில் சந்தேகிப்பேன். ஆனால் சந்தேகத்தை நம்பிச் செலவு செய்யக் கூடாது. தோலில் ஒவ்வாமைப் பொருள் கலந்த துளி விட்டு லேசாகக் குத்திப் பார்க்கும் பரிசோதனையோ, ரத்தத்தில் ஐ.ஜி.இ. என்ற, ஒவ்வாமையின்போது உடல் உருவாக்கும் புரதத்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனையோ இருவருக்கும் செய்துகொள்ளுங்கள். அலர்ஜி மாத்திரை சாப்பிட்டு வந்தால் தோல் பரிசோதனையின் முடிவு மாறிவிடும். எத்தனை நாள் முன்பே நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேளுங்கள். காரணம் பூனையாகவோ பூஞ்சையாகவோ இருந்தால் செய்யவேண்டிய வேலையே வேறு.

தூசிப்பூச்சி என்று பரிசோதனை சொன்னால், அது எப்படி வாழ்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. எதை வாங்குவது என்பது அதிலிருந்தே விளங்கிவிடும். பூச்சி என்கிறோமே தவிர, இது எட்டுக் கால்கள் கொண்ட, சிலந்தியின் உறவுக்காரன். நீளம் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். நம் உடலிலிருந்து உதிரும் தோல் துணுக்குகள்தான் உணவு. இது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே உயிர்வாழ்கிறது. இரவெல்லாம் நம் வியர்வையும் மூச்சும் படும் படுக்கை அதற்கு எல்லா வசதியும் உள்ள வீடு. வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு இதுவே முக்கியக் காரணம் என்பதை நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் 1960களில் கண்டறிந்தார்கள்.

இது நம்மைக் கடிப்பதில்லை. தொல்லை தருவது இதன் எச்சம். அதில் கலந்திருக்கும் ‘டெர் பி 1’ போன்ற செரிமான நொதிகளுக்கு எதிராகத்தான் நம் உடல் கொதித்தெழுகிறது. எச்ச உருண்டைகள் பெரும்பாலும் 10 முதல் 40 மைக்ரான் வரை பருமன் உள்ளவை (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). கனமானவை என்பதால் காற்றில் நெடுநேரம் மிதப்பதில்லை. தலையணையில் புரளும்போது எழும்பி, சற்று நேரத்தில் படிந்துவிடும். இந்த ஒவ்வாமைக்காகக் காற்றுச் சுத்திகரிப்புக் கருவி வாங்குவதை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் இதுதான். உங்கள் மூக்கு தலையணைமேல் இருக்கும்போது, அறையின் மூலையில் ஓடும் கருவி என்ன செய்ய முடியும்?

இனி ஃபோமா பஞ்சா என்ற கேள்வி. இறகுத் தலையணையைத் தூக்கி எறியுங்கள், செயற்கை இழை அடைத்ததை வாங்குங்கள் என்று ஒரு காலத்தில் மருத்துவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவந்தார்கள். 1990களில் அளந்து பார்த்தபோது முடிவு தலைகீழாக இருந்தது: செயற்கை இழைத் தலையணைகளில்தான் தூசிப்பூச்சியின் ஒவ்வாமைப் பொருள் அதிகம். இறகு வெளியே குத்திக்கொண்டு வராமல் இருக்க அதன் மேலுறையை நெருக்கமாக நெய்வார்கள். அந்த நெருக்கமே பூச்சிக்கும் தடையாக அமைந்திருக்கலாம் என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். ஆக, உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்பதைவிட, அதை எது மூடியிருக்கிறது என்பதே முக்கியம். புதிய ஃபோம் மெத்தை வாங்கும் நாளில் சுத்தமாகத்தான் இருக்கும். மூடாமல் விட்டால் சில மாதங்களில் அங்கும் குடியேறிவிடுவார்கள். ‘அலர்ஜி தராதது’ என்ற பொருளில் அட்டையில் போடும் ‘ஹைப்போ அலர்ஜெனிக்’ என்ற சொல்லுக்கு உலகெங்கும் பொருந்தும் ஒரே சட்ட வரையறை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே பணத்தை உறையில் போடுங்கள். கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: துணியின் துளை அளவு எத்தனை மைக்ரான்? 10 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் தூசிப்பூச்சியின் எச்சம் வெளிவராது. பூனை ஒவ்வாமையும் உண்டென்றால் 6 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவாகத் தேடுங்கள். அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் நூல் எண்ணிக்கை துளை அளவைச் சொல்லாது. அதைக் காட்டிச் சமாளித்தால் வேறு பொருளைப் பாருங்கள். உறை ஜிப் வைத்து, மெத்தையின் ஆறு பக்கங்களையும் மூடுவதாக இருக்க வேண்டும். எலாஸ்டிக் வைத்து மேலே மட்டும் மாட்டும் விரிப்பு உறை மெத்தையைக் கறையிலிருந்து காக்கும், உங்களைக் காக்காது. பிளாஸ்டிக் உறை தடுக்கும் என்றாலும் வியர்க்கும், சரசரக்கும். ஒரு வாரத்தில் கழற்றி வைத்துவிடுவீர்கள். நெய்யப்படாத, காகிதம் போன்ற துணி உறைகளின் இழைகளுக்குள்ளேயே பூச்சிகள் புகுந்துகொள்வதுண்டு. நெருக்கமாக நெய்த துணிதான் என் தேர்வு. கையில் பணம் குறைவென்றால் தலையணை உறைகளை முதலில் வாங்குங்கள். மூக்குக்கு மிக அருகில் இருப்பது அதுதானே. அறையில் வேறு கட்டில் இருந்தால் அதன் மெத்தையையும் மூட வேண்டும்.

உறைக்கு மேலே விரிப்பவை வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைக்கப்பட வேண்டும். குளிர்ந்த நீர் எச்சத்தைப் பெருமளவு கரைத்துக்கொண்டு போய்விடும். ஆனால் பூச்சிகள் பல பிழைத்துக்கொள்ளும். எனவே விரிப்பும் போர்வையும் வாங்கும்போது நிறத்தைப் பார்ப்பதற்கு முன் துவைப்புக் குறிப்பைப் பாருங்கள். 60 டிகிரி தாங்காத கம்பளிப் போர்வை எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு ஆகாது. கனமான ஒன்றுக்குப் பதில் துவைக்க எளிதான மெல்லிய போர்வைகள் இரண்டு மேல். மகளின் துணிப் பொம்மைகளைப் பையில் கட்டி உறைநிலைப் பெட்டியில் இரண்டு நாள் வைத்தால் பூச்சிகள் செத்துவிடும். எச்சம் அப்படியே இருக்கும் என்பதால் பிறகு அலசியாக வேண்டும்.

வெயிலில் போடுவது நல்லதுதான், ஆனால் தடித்த மெத்தையின் உட்புறம் வரை அந்தச் சூடு போவதில்லை. தட்டி உதறும் வேலையை ஒவ்வாமை இல்லாதவர் செய்யட்டும். மகரந்த ஒவ்வாமையும் இருப்பவர்கள் பூக்கும் பருவத்தில் விரிப்புகளை வெளியே உலர்த்த வேண்டாம். எழுந்தவுடன் படுக்கையை மடித்து மூடாமல் சிறிது நேரம் காற்றாட விடுங்கள். அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் பூச்சிகள் காய்ந்து மடியும்.

உறை விற்பவர்கள் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2003இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன; ஒன்று ஆஸ்துமா உள்ள பெரியவர்களைப் பற்றியது, மற்றொன்று உங்களைப் போல மூக்கு ஒவ்வாமை உள்ளவர்களைப் பற்றியது. இரண்டிலும் உறை மட்டும் போட்டவர்களுக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தடுப்பு இல்லாத போலி உறை போட்டவர்களைவிட நோய்க்குறிகள் குறையவில்லை. 2017இல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு சற்று நம்பிக்கை தந்தது: தூசிப்பூச்சி ஒவ்வாமையோடு ஆஸ்துமாவும் உள்ள குழந்தைகளில், உறை போட்டவர்கள் திடீர் மூச்சுத்திணறலுக்காக மருத்துவமனைக்குப் போவது குறைந்தது. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், உறையும் வெந்நீர்த் துவைப்பும் ஈரக்கட்டுப்பாடும் சேர்ந்தே நடக்க வேண்டும், அவை மருந்துக்கு மாற்றும் அல்ல என்பது என் கருத்து. மூன்று மாதத்தில் மாற்றம் தெரியாவிட்டால் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே பற்றியும், ஒவ்வாமைப் பொருளையே சிறுகச் சிறுகக் கொடுத்து உடலைப் பழக்கும் சிகிச்சை பற்றியும் மருத்துவரிடம் பேசுங்கள். மகளுக்கு இரவில் இருமலோ மூச்சில் விசில் சத்தமோ இருந்தால் அந்த மூன்று மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். முதலில் அவளை மருத்துவரிடம் காட்டுங்கள், உறையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.