மறு: ஒரு பக்கம் வெட்டி, மறு பக்கம் புல்லை மடக்கும் பழைய புல்வெட்டி

வணக்கம். கானாடுகாத்தான் வீட்டில் ஐயா காலத்துச் சிலிண்டர் புல்வெட்டி. அலகுகளை ஒவ்வொன்றாக அரத்தால் தீட்டியபின் இடப்பக்கம் மட்டுமே வெட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். கோளாறே அந்த அரம்தான். சிலிண்டரில் முறுக்கிச் சுற்றிய அலகுகள், அடியில் அசையாமல் இருக்கும் கீழ்த்தகட்டோடு கத்தரிக்கோல்போல உரசி வெட்டுகின்றன. கூர்மையைவிட முக்கியம், எல்லா அலகும் ஒரே உருளையாக இருப்பது. கையால் தீட்டினால் அது கெட்டுவிடும்.

முதலில் சிலிண்டரின் இரு முனைகளையும் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆடினால் பேரிங்கை மாற்றாமல் மற்ற வேலை எதுவும் வீண். பிறகு காரைக்குடியில் நல்ல லேத் பட்டறையில் சிலிண்டரை முழு நீளத்துக்கும் ஒரே விட்டத்தில் அரைத்து வாங்குங்கள். கீழ்த்தகட்டின் விளிம்பும் நேராக வேண்டும். அதன் திருகுகள் துருவேறியிருந்தால் முந்தைய நாளே எண்ணெய் விட்டு ஊறவையுங்கள்; அவசரப்பட்டால் தலை மழுங்கிவிடும்.

மாட்டியபின், மோட்டார் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் வால்வு பேஸ்ட்டை (தேய்த்து மெருகேற்றும் பசை) விளிம்புகளில் தடவிச் சிலிண்டரை வழக்கத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள். கையால் தள்ளும் புல்வெட்டியில் ராட்செட் (ஒரு திசையில் மட்டும் சுற்றவிடும் பல்லமைப்பு) இருப்பதால் வண்டியைப் பின்னால் இழுத்தால் சுற்றாது. தண்டில் கைப்பிடி பொருத்த வேண்டியிருக்கும். கனத்த கையுறை கட்டாயம். இதை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைத்துச் செய்து ஆச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள்.

பேஸ்ட்டை மண்ணெண்ணெயில் சுத்தமாகக் கழுவிவிட்டு, செய்தித்தாள் கீற்றைக் குறுக்கே நீட்டி, ஒவ்வோர் அலகும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கிழிக்காமல் நறுக்குகிறதா என்று பாருங்கள். நறுக்காத பக்கத்தில், அலகுக்கும் கீழ்த்தகட்டுக்கும் இடைவெளியைச் சரிசெய்யும் திருகை மட்டும் கால் சுற்றுக்கும் குறைவாக முடுக்கினால் போதும்.