அந்தரத்தில் பறக்கும் குதிரைகள்: கேள்வி பதில்

பழைய விளையாட்டுப் படங்களையும் விளையாட்டு வரலாற்றின் விநோதங்களையும் குறித்துக் காவிரிப் படுகை நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு, தஞ்சாவூரில் நெடுங்காலம் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் அளித்த பதில்கள்.

கும்பகோணத்திலிருந்து: எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தா வாங்கி மாட்டிய குதிரைப் பந்தயப் படம் ஒன்று இருக்கிறது, ஐயா. அதில் எல்லாக் குதிரைகளும் முன்னங்கால்களை முன்னும் பின்னங்கால்களைப் பின்னும் நீட்டிக்கொண்டு அந்தரத்தில் நிற்கின்றன. வரைந்தவர் குதிரை ஓடிப் பார்த்ததே இல்லையா?

பார்த்திருப்பார்; ஆனால் அந்த வேகத்தில் கால்களைப் பிரித்தறியும் ஆற்றல் மனிதக் கண்ணுக்கு இல்லை. பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821இல் வரைந்த எப்சம் பந்தய ஓவியம் இன்று பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குதிரை என்றால் உயிரை விடும் அவரே, உங்கள் வீட்டுப் படத்தில் இருப்பது போலத்தான் கால்களை நீட்டி வரைந்தார். அவருக்கு முன்பே இங்கிலாந்தில் ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்பவர் இறந்த குதிரைகளை மாதக்கணக்கில் அறுத்து ஆராய்ந்து, எலும்பையும் தசையையும் அடுக்கடுக்காக வரைந்து, 1766இல் அதை நூலாகவே வெளியிட்டிருந்தார். என்ன செய்வது, செத்த குதிரை ஓடிக் காட்டாதே.

1878இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற ஒளிப்படக்காரர், ஓடுபாதையின் ஓரமாகக் கேமராக்களை வரிசையாக நிறுத்தி, குறுக்கே கட்டிய நூலைக் குதிரை கடக்கும்போது ஒவ்வொன்றும் தானாகவே படம் எடுக்கும்படி செய்தார். அந்தப் படங்களில் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு எழும்புவது உண்மை என்று தெரிந்தது. ஆனால் அந்தக் கணத்தில் கால்கள் நீண்டிருக்கவில்லை, வயிற்றுக்கு அடியில் ஒன்றுகூடி மடங்கியிருந்தன. நூற்றாண்டுக் கணக்கில் வரைந்து வந்த ஓட்டம் அத்தனையும் தவறு என்றானது. நம் தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரைக்கு மட்டும் இந்தச் சிக்கல் வரவில்லை, ஏனென்றால் அதற்குச் சொந்தக் கால்களே கிடையாது. ஓடுவதெல்லாம் ஆடுபவரின் மரக்கால்தான்.

படத்தைக் கழற்றிவிடாதீர்கள். ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால மறு அச்சு, தெரியாவிட்டால் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டலாம்.

மயிலாடுதுறையிலிருந்து: ஓவியத்துக்கும் ஒலிம்பிக் பதக்கம் கொடுத்தார்கள் என்கிறார்களே, மெய்யா?

மெய்தான். 1912 ஸ்டாக்ஹோம் முதல் 1948 லண்டன் வரை ஏழு ஒலிம்பிக் விழாக்களில் கட்டடக்கலை, இலக்கியம், இசை, ஓவியம், சிற்பம் ஆகிய ஐந்துக்கும் பதக்கம் உண்டு. படைப்பு விளையாட்டைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பதே விதி. 1912இல் இலக்கியத் தங்கம் வாங்கிய கவிதையை எழுதியவர், ஒலிம்பிக்கை மீட்டெடுத்த கூபெர்தேன் பிரபுவேதான். இரண்டு புனைபெயர்களைச் சேர்த்துப் போட்டு அனுப்பியிருந்தார். தாம் நடத்தும் பந்தியில் தாமே முதல் இலையில் உட்கார்ந்தது போல எனக்குப் படுகிறது.

இவர்களில் எனக்குப் பிடித்தவர் ஹங்கேரியின் ஆல்ஃபிரெட் ஹாயோஷ். நீச்சல் குளம் இல்லாத 1896 ஏதென்ஸ் போட்டியில், குளிர்ந்த கடலில் உடம்பெல்லாம் கொழுப்பைப் பூசிக்கொண்டு நீந்தி இரண்டு போட்டிகளில் முதலிடம் பெற்றவர், பின்னாளில் கட்டடக் கலைஞராகி 1924இல் விளையாட்டரங்க வரைபடம் ஒன்றுக்கு மற்றொருவருடன் சேர்ந்து வெள்ளி பெற்றார். அந்த ஆண்டு அப்பிரிவில் தங்கமே வழங்கப்படவில்லை. விளையாட்டு வீரர்கள் பணத்துக்காக ஆடாதவர்களாக இருந்த காலத்தில், கலைஞர்கள் பெரும்பாலும் அதையே தொழிலாகக் கொண்டவர்கள் என்ற காரணத்தால் 1948க்குப் பின் இப்போட்டிகள் நின்றன.

திருவாரூரிலிருந்து: தேர் வடம் பிடித்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன். பொங்கல் விழாவில் நடத்தும் கயிறு இழுக்கும் போட்டி ஒலிம்பிக்கில் இருந்ததா?

1900 முதல் 1920 வரை இருந்தது. 1908இல் மூன்று பதக்கங்களையும் பிரிட்டிஷ் காவல்துறை அணிகளே வாங்கின. லிவர்பூல் காவலர்களின் கனத்த பூட்சைப் பற்றி அமெரிக்கர்கள் புகார் செய்து, போட்டியை விட்டே விலகினார்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து: வட்டு எறிபவன் சிலையின் தலை ஒரு படத்தில் வட்டைத் திரும்பிப் பார்க்கிறது, இன்னொன்றில் தரையைப் பார்க்கிறது. எது சரி?

திரும்பிப் பார்ப்பதே சரி. கிரேக்கச் சிற்பி மைரனின் வெண்கல மூலம் அழிந்துவிட்டது. கிடைப்பவை ரோமானியர் காலத்துப் பளிங்கு நகல்கள். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள நகலுக்கு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தோண்டி எடுத்த பிறகு பழுது பார்த்தவர்கள் தலையைத் தவறாகப் பொருத்திவிட்டார்கள். இதைவிட வேடிக்கை, 1928 முதல் 2000 வரை ஒலிம்பிக் பதக்கத்தில் வெற்றித் தேவதைக்குப் பின்னால் இருந்த கட்டடம் ரோமின் கொலோசியத்தை ஒத்தது. கிரேக்க விளையாட்டுக்கு ரோமானிய அரங்கம்! 2004 ஏதென்ஸ் விழாவில்தான் அதை மாற்றினார்கள்.

மன்னார்குடியிலிருந்து, ஒரு மாணவர்: பள்ளிச் சுவரில் பூவனூர் சதுரங்க வல்லபநாதர் கதையை வரையப் போகிறோம், ஐயா. பலகையில் என்னென்ன காய்கள் வைக்க வேண்டும்?

உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோயில், அப்பர் பாடிய தலம். அரசகுமாரியை இறைவன் சதுரங்கத்தில் வென்று மணந்தார் என்பது தலபுராணம். புராணத்தை ஆட்டத்தின் வரலாற்றுச் சான்றாகக் கொள்ள முடியாது என்றாலும், படத்தைப் பழைய ஆட்டத்துக்கு ஏற்ப வரையலாம், தம்பி. சதுரங்கம் என்றால் நாற்படை: யானை, குதிரை, தேர், காலாள். ராணிக் காயை வைத்துவிடாதீர்கள். பலகை முழுவதும் பாயும் ராணி, பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் வந்தவள். அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் மந்திரி, குறுக்காக ஒரே ஒரு கட்டம் நகர்பவர். கட்டங்களுக்குக் கறுப்பு வெள்ளை பூசாமல் வெறும் கோடுகளாகவே விடுங்கள். குதிரைக் காயை மட்டும் நிற்கிற நிலையில் வரைந்தால் போதும்.