52 வயதில் கார் ரேஸ் கேம் பழகுமா? 29 வருடம் பஸ் ஓட்டியவனின் பதில்

உங்களுக்கு 52 வயது, போனில் ஆஸ்பால்ட் என்ற கார் ரேஸ் கேம் ஆட ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது, ஒவ்வொரு வளைவிலும் சுவரில் முட்டிக் கடைசியாக வருகிறீர்கள், இந்த வயதில் இது பழகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழகும். நான் 61 வயதில் தொடங்கினேன்.

நீங்கள் சொல்லாவிட்டாலும், நிஜ வண்டி நிறைய ஓட்டியவர் என்றே எனக்குத் தோன்றுகிறது. வண்டியைத் தொட்டே பார்க்காத சின்னப் பிள்ளைகள் முதல் நாளே இதை ஓட்டிவிடுகிறார்கள். தடுமாறுவது நம்மைப் போன்றவர்கள்தான்.

நான் 29 வருடம் பஸ் ஓட்டுநராக இருந்தேன். திருநெல்வேலி - பாபநாசம் தடம்தான் அதிகம். நடுவில் நாலு வருடம் மாஞ்சோலை மலைக்கு ஓட்டினேன். மணிமுத்தாறு தாண்டி ஏற ஆரம்பித்தால் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். ஏறி வருகிற வண்டிக்கு ஒதுங்கி வழி விட வேண்டும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து, அப்புறம்தான் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். சாரல் காலத்தில் ரோடு நனைந்திருந்தால் பின் சக்கரம் ஒரு சாண் வழுக்கினாலே வயிறு கலங்கிவிடும்.

போன வருடம் முழுப் பரீட்சை லீவுக்கு மகள் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வந்திருந்தாள். பேரனுக்குப் பதினோரு வயது. "தாத்தா, நீங்க பஸ்ஸே ஓட்டுனவங்க, இதை ஓட்டிக் காட்டுங்க" என்று போனைக் கையில் கொடுத்தான். ஆஸ்பால்ட் 9. 2018ல் வந்தது, 2024ல் பெயரை ஆஸ்பால்ட் லெஜண்ட்ஸ் யுனைட் என்று மாற்றிவிட்டார்கள். முதலில் கிடைக்கிற வண்டி மிட்சுபிஷி லான்சர். ஆக்சிலேட்டரை நாம் மிதிக்க வேண்டியதில்லை, வண்டி தானே ஓடும். முதல் வளைவு வந்ததும் இடது பக்கப் பொத்தானை அமுக்கினேன். அது பிரேக் என்றுதான் சொல்லியிருந்தான். வண்டி நிற்கவில்லை. பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் நேராக மோதி நொறுங்கியது. போனைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். கை நடுங்கியது.

அதற்குக் காரணம் உண்டு. ஓய்வு பெற ஆறு வருடம் இருந்தபோது, கல்லிடைக்குறிச்சி தாண்டி ஒரு வளைவில் எதிரே வந்த பைக்காரப் பையன் ஒரு வேனை முந்திக்கொண்டு வந்து என் பஸ்ஸில் இடித்தான். நான் இருபது கிலோமீட்டர் வேகம்கூடப் போகவில்லை. பையனுக்குக் கால் எலும்பு முறிந்தது, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கூடிய கூட்டம் என் சட்டையைத்தான் பிடித்தது. பெரிய வண்டி, சின்ன வண்டி என்று வந்தால் பழி எப்போதும் பெரிய வண்டிக்காரன் மேல்தான். விசாரணை முடியும்வரை எட்டு மாதம் ஸ்டியரிங்கைத் தொட விடவில்லை. என் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள், சரி. அந்த எட்டு மாதத்தில் சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் என்னைப் பார்த்த பார்வையை யார் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்? ஒருத்தரும் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்ட கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பேரன் விடவில்லை. மறுநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தாத்தா, இதுல பிரேக் நிக்கிறதுக்கு இல்ல, வழுக்குறதுக்கு" என்றான். "ஏல, வழுக்கினா வண்டி போயிருமேல" என்றேன். "போவாது தாத்தா, நைட்ரோ ஏறும்" என்றான். நைட்ரோ என்றால் வண்டியைக் கொஞ்ச நேரம் கூடுதல் வேகத்தில் பாய வைக்கிற சக்தி. நீங்களும் இந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். வளைவுக்குச் சற்று முன்னாலேயே இடது பொத்தானை அமுக்கிப் பிடித்தால் வண்டி சறுக்கும், சறுக்கச் சறுக்க நைட்ரோ நிரம்பும். வளைவு முடியும் இடத்தில் கையை எடுத்தால் நேராகிவிடும். நீங்கள் முட்டுவது பெரும்பாலும் தாமதமாக அமுக்குவதால், அல்லது பயந்துபோய் விடாமல் பிடித்திருப்பதால்.

நைட்ரோ பொத்தானை ஒரு தடவை தட்டிவிட்டு, நைட்ரோ அளவு காட்டும் பட்டையில் குறித்த இடம் வரும்போது இன்னொரு தடவை தட்ட வேண்டும். எனக்கு அது கண்டக்டரின் டபுள் விசில் மாதிரி மனதில் பதிந்தது. இரண்டாவது விசில் வந்தால்தான் வண்டி கிளம்பும். நைட்ரோ முழுதாக நிரம்பியிருக்கும்போது சட்டென்று இரண்டு தட்டு தட்டினால் ஊதா நிறத்தில் பாய்ந்து போகும். நேர் ரோட்டுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

டச் டிரைவ் என்று ஒரு வசதி உண்டு, ஸ்டியரிங்கை அதுவே பார்த்துக்கொள்ளும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று விரலால் தள்ளினால் போதும். முதல் பத்து நாள் அதில்தான் ஓட்டினேன். அது ஏமாற்று என்று சிலர் சொல்வார்கள். புது ஓட்டுநருக்குப் பக்கத்தில் பழைய ஓட்டுநர் ஒருவர் உட்கார்ந்து வருவதில்லையா? பொத்தான்களுக்குக் கை பழகட்டும், பிறகு ஸ்டியரிங்கை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மோதினால் பதறாதீர்கள். இது ஆர்கேட் வகை கேம். ஆர்கேட் என்பது காசு போட்டு ஆடுகிற இயந்திரத்திலிருந்து வந்த வகை. 1986ல் சேகா நிறுவனம் வெளியிட்ட அவுட் ரன் விளையாட்டில் வண்டி உருண்டு விழுந்தாலும் மறுபடி எழுந்து ஓடும், நேரம் தீர்ந்தால்தான் ஆட்டம் முடியும். இதிலும் மோதினால் போவது சில விநாடிகள்தான். இதை என் உடம்பு நம்புவதற்கு மூன்று வாரம் ஆனது.

பஸ்ஸிலிருந்து எனக்கு உதவிய ஒரே பாடம் கண்தான். நம் வண்டியைப் பார்க்கக் கூடாது, ரோடு எங்கே போய் மறைகிறதோ அங்கே பார்க்க வேண்டும். நீங்களும் அதை மட்டும் நிஜ ரோட்டிலிருந்து கொண்டுவாருங்கள்.

இந்த வயதில் போனில் விளையாட்டா, பிள்ளைகளுக்கு வேகத்தைக் கற்றுக் கொடுக்கிறாயா என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: அந்தப் பேரன் ஹெல்மெட் போடாமல் என் பைக்கில் ஏற மாட்டான். விளையாடுவதும் ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான். போனில் வழுக்குவதையும் மலை ரோட்டில் வழுக்குவதையும் நான் குழப்பிக்கொள்ளவில்லை, அவனுக்கும் அதைத்தான் முதலில் சொன்னேன்.

போன மாதம் டச் டிரைவ் இல்லாமல் முதல் தடவை முதலிடம் வந்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மகளுக்குப் போன் போட்டு, பேரனை எழுப்பித் தரச் சொன்னேன்.