எரிச்சலோடு ஜெபிக்கலாமா?

கேள்வி: ஐயா, என் மகன் இன்ஜினியரிங் முடித்து நாலு வருஷமாகியும் நிலையான வேலை இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்கிறேன். அவனோடு படித்தவர்கள் துபாய், மஸ்கட் என்று போய்விட்டார்கள். இப்போதெல்லாம் முழங்கால் போட்டாலே எரிச்சல்தான் வருகிறது. ஒரு ஊழியர், ஐயாயிரம் ரூபாய் காணிக்கை வைத்தால் நாற்பது நாளில் பதில் வரும் என்கிறார். என் விசுவாசம் போய்விட்டதா? (ஒரு தாய், கருங்கல்)

பதில்: போகவில்லை, அம்மா. போயிருந்தால் ஜெபத்தையே எப்போதோ விட்டிருப்பீர்கள். 13-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள், முதல் இரண்டு வசனத்துக்குள்ளேயே தாவீது நாலு தடவை ‘எதுவரைக்கும்’ என்று கேட்கிறார். அதே மாதிரி நீங்களும் கேளுங்கள், அழுதுகொண்டே கேட்டாலும் சரி.

எனக்குப் பயமெல்லாம் அந்த ஐயாயிரத்தை நினைத்துத்தான். 1 சாமுவேல் 13-இல் சவுல் ராஜா, பலி செலுத்த வரவேண்டிய சாமுவேல் தீர்க்கதரிசிக்காகக் கில்காலில் ஏழு நாள் காத்திருக்கிறான். எதிரிகளான பெலிஸ்தர் மிக்மாசில் பாளயமிறங்கிவிட்டார்கள், கூட இருந்த ஜனங்கள் சிதறிப் போகிறார்கள், சாமுவேலைக் காணோம். பொறுக்கமுடியாமல் தகனபலியைத் தானே செலுத்திவிடுகிறான், செலுத்தி முடிக்கிற நேரத்தில் சாமுவேல் வந்து நிற்கிறார். அவன் செய்தது வெளிப்பார்வைக்குப் பக்திதானே? பலிதானே கொடுத்தான்? ஆனால் அந்தப் பலியால் தேவனை அவசரப்படுத்தப் பார்த்தான். நாள் குறித்து, தொகை குறித்து வைக்கிற காணிக்கையும் அதே காரியம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கொடுக்காதீர்கள்.

நம்ம ஊர் தேவசகாயம் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். நட்டாலத்துக்காரர், உங்களுக்குப் பக்கம்தான். ஆடுமாடும் பயிரும் நஷ்டப்பட்டு மனம் உடைந்திருந்தபோது டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு, எல்லாவற்றையும் இழந்தும் தேவனை விடாத யோபுவின் கதையைச் சொன்னதாகச் சொல்வார்கள். (டிலனாயின் கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது, ஒருநாள் மகனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.) 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், 1749-இல் கைது, 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். யோபுவுக்குக் கடைசியில் எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது, இவருக்கு வரவில்லை. விலங்கோடு கிடந்த அந்த மூன்று வருஷத்துக்கு நடுவில் கிறிஸ்துவை மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம், அவர் சொல்லவில்லை. கேட்டது கிடைக்கும் என்பதற்காகப் பிடித்துக்கொண்டிருந்தவர் என்றால் முதல் மாதத்திலேயே விட்டிருப்பார்.

காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது என்று மகனும் நினைத்துவிடக் கூடாது. குலசேகரம் பக்கத்தில் ரப்பர் கன்று வைத்தவர்களைக் கேளுங்கள், பால் வெட்ட ஏழு வருஷம் ஆகும், அதுவரைக்கும் இடையில் வாழையோ கைதச்சக்கையோ (அன்னாசி) போட்டுக் குடும்பத்தை ஓட்டுகிறார்கள். படிப்புக்கு ஏற்ற வேலை வரும் வரை மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதினாலும் அது கௌரவக் குறைவு இல்லை. அப்புறம் ஒன்று, அவன் காதில் விழும்படி ‘கர்த்தர் ஏன் இன்னும் கேட்கவில்லை’ என்று புலம்பாதீர்கள். தன்னால்தான் அம்மாவின் விசுவாசம் ஆடுகிறது என்று அந்தப் பிள்ளை இருட்டுக்குள் போய்விடும். வாலிபர்களோடு பேசிப் பார்த்ததில் எனக்கு இது நன்றாகத் தெரியும்.

கேள்வி: வேலை கிடைத்தால் முதல் சம்பளம் ஆலயத்துக்கு என்று பொருத்தனை செய்தேன். வேலை கிடைத்தது, ஆனால் அப்பாவின் மருத்துவச் செலவு இருக்கிறது. தள்ளிப்போடலாமா? (ஒரு வாலிபர், குளச்சல்)

பதில்: பிரசங்கி 5-இல் பொருத்தனையைத் தாமதிக்காதே என்றுதான் இருக்கிறது தம்பி. ஆனால் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிடுகிறவர்களை மாற்கு 7-இல் இயேசு கண்டித்தாரே, அதையும் சேர்த்து வாசியுங்கள். முதலில் அப்பாவின் மருந்து. மீதியில் முடிந்ததை இந்த மாதமே வைத்துத் தொடங்குங்கள், பாக்கியை ஒரு நோட்டில் எழுதி மாதாமாதம் கொடுத்து முடியுங்கள். போதகரிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், அப்பாவைப் பார்க்க வீட்டுக்கு வருவார்.