பேப்பரை மாற்றினால் பாணி வருமா?

கேள்வி: கருப்பு-வெள்ளைப் படங்களை டார்க்ரூமில் ஆர்.சி. (பிளாஸ்டிக் பூச்சுள்ள) பேப்பரில் பிரிண்ட் போடுகிறேன். சுத்தமாகத்தான் வருகின்றன. ஆனால் யார் போட்டாலும் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. வார்ம் டோன் (இளம்பழுப்புச் சாயல் உள்ள) ஃபைபர் பேப்பருக்கு, அதாவது பிளாஸ்டிக் பூச்சு இல்லாத பேப்பருக்கு, மாறினால் எனக்கென்று ஒரு பாணி அமையுமா?

பதில்: மாறலாம், ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊரில் எடுத்த நிலவுப் படத்தைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டார். ஆரம்பப் பிரிண்டுகளில் வானத்தில் மேகக் கீற்றுகள் தெரியும். பிற்காலத்தவற்றில் வானம் ஏறக்குறைய முழுக் கருப்பு. நெகட்டிவ் என்னவோ ஒன்றுதான். நிழலை எவ்வளவு மூழ்கடிப்பது, வெளிச்சத்தை எங்கே நிறுத்துவது என்ற முடிவுகளில்தான் பாணி இருக்கிறது.

உங்களுக்குப் பிடித்த நெகட்டிவ் ஒன்றை, இப்போதுள்ள பேப்பரிலேயே மூன்று விதமாகப் போடுங்கள். ஒன்று வழக்கம்போல. இன்னொன்று கான்ட்ராஸ்டைக் கூட்டும் 4ஆம் எண் ஃபில்டரில், நிழல்கள் கருப்பில் கரையும்படி. மூன்றாவது கான்ட்ராஸ்டைக் குறைக்கும் 1ஆம் எண்ணில், நிழலுக்குள்ளும் விவரம் தெரியும்படி. மூன்றையும் சுவரில் ஒட்டிவிட்டு ஒரு வாரம் போகட்டும். கண் எதன்மேல் போய் நிற்கிறதோ, அதற்கேற்ற பேப்பரைத் தேடுங்கள்.

அடர்கருப்புதான் பிடிக்கிறது என்றால் கிளாஸி ஃபைபர்; காற்றில் உலரவிட்டால் கண்ணாடிப் பளபளப்பு இல்லாமல் மென்மையான மினுமினுப்பு வரும். மேட் பேப்பரில் அந்தக் கருப்பை எதிர்பார்க்காதீர்கள், அது மென்மையான சாம்பல் நிறங்களுக்கானது. வார்ம் டோன் முகங்களுக்கும் பழைய மரத்துக்கும் நன்றாகப் பொருந்தும். மழையில் நனைந்த சாலையை அதில் பார்த்தால் எனக்கு என்னவோ ஒட்டுவதில்லை. செலினியம் டோனரில் (பிரிண்டின் நிறச்சாயலை மாற்றும் கரைசல்) வார்ம் டோன் சட்டென்று செம்பழுப்புப் பக்கம் சாயும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஃபைபருக்குப் போனதும் உங்களைக் குழப்பப்போவது உலர்தல். ட்ரேயில் ஈரமாக இருக்கும்போது கன்னத்தின் வெளிச்சம் பளிச்சென்று இருக்கும். காய்ந்ததும் அதே இடம் லேசாகச் சாம்பல் பூத்திருக்கும். அதனால் டெஸ்ட் ஸ்ட்ரிப்பை (வெளிச்ச அளவைச் சோதிக்கும் துண்டுப் பேப்பரை) ஹேர் டிரையரில் காயவைத்த பிறகே முடிவெடுங்கள். பெரும்பாலும் எக்ஸ்போஷரை 10 சதவீதம் அளவுக்குக் குறைக்க வேண்டியிருக்கும். அப்புறம் கழுவும் நேரம்: ஆர்.சி.க்குச் சில நிமிடங்கள் போதும், ஃபைபருக்கு வாஷ் எய்ட் (கழுவுவதை விரைவாக்கும் கரைசல்) இல்லையென்றால் ஒரு மணி நேரம் வரை ஆகும்.

முதலில் சிறிய பாக்கெட்டாக ஒரே ஒரு வகை வாங்குங்கள். அது தீரும்வரை டெவலப்பரையும் மாற்ற வேண்டாம். கான்டாக்ட் ஷீட்டுக்கு (நெகட்டிவ்களை அதே அளவில் ஒரே தாளில் போட்டுப் பார்ப்பது) ஆர்.சி.யே போதும்.